வலது செருப்பு வரிசை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் ஸ்டேஷனில் போட்டிருக்கும் இந்த பெஞ்சு நல்ல பெஞ்சு. சாய்ந்துகொள்ளப் பலகை இருக்கிறது, ஆடவில்லை, ஆணி குத்தவில்லை. இப்படி நாலு பெஞ்சு எங்கள் மருத்துவமனை வாசலில் இருந்திருந்தால் நான் இன்று இதில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. ஆட்டைக் காணவில்லை என்று ஒரு பெரியவர் வாசலில் நிற்கிறார், அவர் வேலையை முதலில் முடித்து அனுப்புங்கள். அவர் ஒன்பதே காலுக்கே வந்துவிட்டார். என்னைக் கொண்டுவந்தது ஒன்பது நாற்பதுக்கு.

என் பெயர் இமானுவேல். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. சங்குமுனை அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு வாசலில் ஆறு வருடமாக செக்யூரிட்டி. ஒப்பந்த வேலைதான். அதற்கு முன்னால் எங்கள் அய்யாவின் வள்ளத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வள்ளம் இப்போது என் அண்ணன் டேவிட்ராஜுடையது. 'உடையதாக இருந்தது' என்று எழுத வேண்டுமோ என்னவோ. அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும், அப்படியே விடுகிறேன்.

அண்ணன் என்றால் பெரிய மூப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். அவன் எனக்குப் பதினோரு நிமிடம் மூத்தவன். பதினோரு நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஐம்பத்திரண்டு வருடம் வசதியாகப் பிழைக்க முடியும் என்பதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். குழம்பில் மீன் தலை அவன் தட்டுக்குப் போகும், வால் எனக்கு வரும். கோவிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று அவன் முன்னால், நான் பின்னால். அய்யா சுக்கானை அவன் கையில் கொடுத்தார், என் கையில் தண்ணீர் இறைக்கிற வாளியைக் கொடுத்தார்.

அருள்மேரியை அந்தோணியார் கோவில் திருவிழாவில் முதலில் பார்த்தது நான்தான். வீட்டில் வந்து சொன்னதும் நான்தான். மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்கு எப்படி முடிப்பது என்றார்கள். அப்புறம், பெண் நல்ல பெண்ணாக இருக்கிறாளே, விடுவானேன் என்று அவனுக்கே முடித்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சொல்வதில் என்ன வெட்கம். ஆனால் அதற்குப் பெயர் பொறாமை இல்லை. வரிசை சரியில்லையே என்கிற வருத்தம்.

அதனால்தான் எனக்கு வரிசை என்றால் பிடிக்கும். ரேஷன் கடையாக இருக்கட்டும், குழாயடியாக இருக்கட்டும், கடலுக்குப் போக டோக்கன் வாங்குகிற இடமாக இருக்கட்டும், ஒழுங்காக ஒரு வரிசையைப் பார்த்துவிட்டால் எனக்கு மனது அடங்கிவிடும். முதலில் வந்தவனுக்கு முதலில். நேற்று இதைச் சொன்னபோது, "அப்படிப் பாத்தா பொறந்ததுலயும் ஒங்க அண்ணன்தானே மொதல்ல வந்தாரு" என்று கேட்டீர்கள். அது வரிசை இல்லை அம்மா, தள்ளுமுள்ளு.

மருத்துவமனை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு அவசரப் பிரிவில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். மேலே இருந்து ஒரு சிக்கனச் சுற்றறிக்கை வந்தது. ஒருவர் மாற்றலாகிப் போனார், அந்த இடம் காலி. இன்னொருவர் மேல்படிப்புக்குப் போனார், அந்த இடமும் காலி. மிச்சம் இருந்தது டாக்டர் யுவராணி. என் வயதில் பாதி இருக்கும். சாப்பாட்டு டப்பாவை நின்றபடி திறந்து நின்றபடியே மூடிவிடுவார், சில நாள் நடுவில் சாப்பிடவும் செய்வார். சீட்டு எழுதுகிற கிளார்க் ஓய்வு பெற்றார், அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்தார். மற்ற நாட்களில் எலும்பை முறித்துக்கொண்டு வருகிறவர்களை நான் கொஞ்சம் கோபமாகத்தான் பார்ப்பேன். பெஞ்சுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. பழுதுபார்க்க ஒதுக்கீடு இல்லை என்று மொட்டைமாடியில் அடுக்கி வைத்தோம்.

நோய்க்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. கூட்டம் கூடிக்கொண்டே போனது. அக்காள்மடத்திலிருந்து வந்தார்கள், மேற்கே உள்ள விவசாயக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். இராமநாதபுரம் போகலாமே என்றால், பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும் என்று சொல்லிவிட்டு எங்கள் வாசலில் படுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் அவசரப் பிரிவில் ஒரு நோயாளி சராசரியாக மூன்று மணி நாற்பது நிமிடம் காத்திருக்கிறாராம். அதை முப்பது நிமிடத்துக்குள் கொண்டுவர வேண்டுமாம். எப்படி என்று அதில் எழுதவில்லை. தலைமை மருத்துவர் குருநாதன் அதை என் மேஜையில் வைத்தார். "இமானுவேலு, வாசல்ல இருக்கது நீதான். ஏதாச்சும் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெரிய மனிதர் என்னை நம்பிக் கொடுத்த முதல் பொறுப்பு அது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு யோசனை வந்தது. ரேஷன் கடையில் பை வைக்கிறோம். குழாயடியில் குடம் வைக்கிறோம், குடம் இல்லாவிட்டால் கல் வைக்கிறோம். மருத்துவமனைக்குள் எப்படியும் செருப்பைக் கழற்றித்தான் வர வேண்டும். அதை ஏன் சும்மா குவித்து வைப்பது. வலது செருப்பை வரிசையில் வைக்கச் சொன்னேன், இடது செருப்பை அவரவர் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒற்றைச் செருப்பை யாரும் திருட மாட்டார்கள். ஆள் பூவரச மரத்தடியில் நிழலாகப் படுத்துக்கொள்ளலாம். செருப்பு வாசற்படிக்கு வந்ததும், "பச்சைப் பட்டை, வார் தச்சது" என்று நான் கூப்பிடுவேன். அவர் இடது செருப்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வருவார். அப்போதுதான் கணினியில் பெயரை ஏற்றுவேன், நேரமும் அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும். அதுவரை காத்திருந்தது செருப்புதானே. செருப்பின் நேரத்தையும் சேர்க்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

முதல் மாதமே சராசரி பன்னிரண்டு நிமிடம் ஆனது. குருநாதன் சார் பாராட்டுச் சான்றிதழ் வாங்கினார். போட்டோவில் அவருடைய முழங்கைக்குப் பின்னால் பாதி தெரிவது நான்தான்.

சில்லறைச் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. கடற்கரை ஆட்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு வருவார்கள். எதிரில் டீக்கடை வைத்திருக்கும் யோகேஸ்வரன் ஒரு சாக்கு நிறையப் பழைய செருப்பு வைத்து இரவல் கொடுத்தார். ஒரு கட்சிக்காரர் காரில் வந்து இறங்கி, தான் யார் தெரியுமா என்றார். ஷூ போட்டவர் என்று மட்டும் தெரிகிறது என்றேன். நாடா அவிழ்த்து வலது ஷூவை வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே மரத்தடிக்குப் போனார். சர்க்கரை வியாதியில் வலது காலை எடுத்த வியாகுலம் வந்தபோதுதான் விதி கொஞ்சம் இடித்தது. நான் இரக்கம் இல்லாதவன் இல்லை, அவருடைய ஊன்றுகோலை வரிசையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மரத்தடிக்கு அவர் தவழ்ந்துதான் போனார், ஆனால் ஒரு குறையும் சொல்லவில்லை.

இன்னொரு நாள் ஒரு நாய் ஏழாவது செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. தொண்டையில் மீன்முள் சிக்கி வந்தவருடைய செருப்பு. அவரால் கத்த முடியவில்லை, நாயும் நிற்கவில்லை. இரவல் செருப்போடு கடைசியிலிருந்து மறுபடி வந்தார். அதற்குள் முள் தானாக இறங்கிவிட்டது. காத்திருப்பதில் இப்படி ஒரு நன்மையும் உண்டு.

நர்ஸ் ஜெப்சிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "நெஞ்சுவலி, பாம்புக்கடி, மூச்சுத்திணறல் இதுக்கெல்லாம் செருப்பப் பாக்காதீங்கண்ணே. நேரா உள்ள அனுப்பிருங்க. இதுல மட்டும் வெளையாடாதீங்க" என்று சிவப்பு மையில் எழுதி என் மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனாள். தினமும் காலையில் அதைத் துடைத்து வைப்பது நான்தான். ஒன்றரை வருடத்தில் நாற்பத்தொரு பேரை அப்படி நேராக உள்ளே விட்டிருக்கிறேன். முகத்தில் வியர்வை, இடது கையில் வலி, நெஞ்சில் பாரம் என்றால் ஆள் வண்டியை விட்டு இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஒருவர்கூட என் கையில் தவறவில்லை. இதைப் பெருமைக்காக எழுதுகிறேன். உங்களுக்கு இது வேறு விதத்தில் பயன்படும் என்பதும் தெரியும்.

போன வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு டேவிட்ராஜ் வந்தான். ஸ்கூட்டரை அருள்மேரி ஓட்டினாள், அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் எதிலும் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலில் நீலப் பட்டைச் செருப்பு. கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்தது. ஒரே கடை, ஒரே அளவு, இரண்டு ஜோடி. இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தும், எந்த ஜோடி தனக்கு என்று அவன்தான் முதலில் பொறுக்கினான்.

வந்தவன் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது செருப்பைக் கழற்றி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தான்.

"ஏலே இமானு, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. வாயுத்தான். டாக்டரம்மாட்ட ஒரு ஊசியப் போட்டுட்டு வாரேன், தள்ளு."

முகமெல்லாம் வியர்வை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

வரிசையில் முதலாவதாக இருந்தது உமையாள் என்கிற அம்மாவின் செருப்பு. நெல் அவிக்கும்போது கை வெந்து வந்தவர். "ஏய்யா செக்யூரிட்டி, ஒன் அண்ணன்னா மட்டும் நேரா உள்ள போவாகளா? நாங்க விடிஞ்சதுல இருந்து இங்கன கெடக்கோம்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நெஞ்சு என்று அவன் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

"வரிசையில வைண்ணே" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அறைவான் என்று நினைத்தேன். அறையவில்லை. "சரிலே" என்றான். குனிந்து செருப்பை எடுத்தான், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கடைசியில் வைத்தான். முப்பத்தொன்றாவது. ஐம்பத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷம், அம்மா. வேறு வார்த்தை தெரியவில்லை.

மரத்தடியில் யாரோ, "சொந்த அண்ணனையே விடலையே, மனுசன்னா இவந்தான்யா" என்றார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

பதினொன்றேகாலுக்கு அருள்மேரி என் மேஜைக்கு வந்தாள். "தம்பி, இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வரும்வரை நகரவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் என்னிடம் பேசியதெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "சாப்பிட்டீகளா" என்று கேட்டது மட்டும்தான். "இன்னும் கொஞ்ச நேரந்தான் மதினி" என்றேன். போனாள். பதினொன்றே முக்காலுக்கு மறுபடி வந்தாள். "அவருக்கு ரொம்ப வேத்து ஊத்துது தம்பி. ஒங்கள நம்பித்தான் உக்காந்திருக்கோம்" என்றாள். கண்ணில் தண்ணீர். மறுபடியும் என் முகத்தைத்தான் பார்த்தாள். அவள் கண் கொஞ்சம் பழுப்பு நிறம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பன்னிரண்டு ஐந்துக்கு நீலப் பட்டை மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு செருப்பு போனால் அவன் உள்ளே போய்விடுவான். நான் எழுந்து வரிசையைச் சரிசெய்தேன். தினமும் செய்வதுதான். செருப்புகள் கோணல்மாணலாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது.

ஒன்றே முக்காலுக்கு நீலப் பட்டை வாசற்படிக்கு வந்தது. "நீலப் பட்டை, வலது" என்று கூப்பிட்டேன். மரத்தடியில் யாரும் இடது செருப்பைத் தூக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். அருள்மேரி சோடா வாங்க யோகேஸ்வரன் கடைக்குப் போயிருந்தாள். அவன் பூவரசில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது செருப்பு மடியில் இருந்தது. தூங்குகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சத்தம் போடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் யுவராணி ஓடி வந்து மண்ணிலேயே மண்டியிட்டு நெஞ்சை அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். அப்புறம் எழுந்து அருள்மேரியிடம், "ஏம்மா இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க? ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்றார். அருள்மேரி கையில் சோடா பாட்டிலோடு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்த பார்வை இல்லை.

கணினியில் பெயரை ஏற்றினேன். டேவிட்ராஜ், ஆண், ஐம்பத்திரண்டு. காத்திருப்பு நேரம் மூன்று நிமிடம். அன்றைக்கு அதுதான் மிகக் குறைவு. உண்மையில் மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதுவும் பழைய சராசரியைவிடப் பத்து நிமிடம் குறைவுதான்.

அடக்கத்தன்று எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உடன்பிறந்தவனுக்காகக்கூட நேர்மை தவறாதவன் என்று சாமியார் பிரசங்கத்தில் ஒரு வரி சொன்னார். ஜெப்சி மட்டும் கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் வந்து பேசியது அவளாகத்தான் இருக்கும். நல்ல பெண். வேலையில் கெட்டி.

நேற்று நீங்கள் அவனுடைய பொருட்கள் இருந்த பையைப் பிரித்து மேஜையில் இரண்டு செருப்பையும் கவிழ்த்து வைத்தீர்கள். "இது ஒரே ஆளு போட்ட ஜோடியா, இமானுவேல்?" என்றீர்கள். இடது செருப்பில் பெருவிரல் இடம் குழிந்திருந்தது. வள்ளத்துப் பலகையில் விரலை ஊன்றி நின்று சுக்கான் பிடிக்கிறவன் செருப்பு அப்படித்தான் தேயும். டீசல் வாடையும் அடித்தது. வலது செருப்பில் விரல் இடம் புதிதாக இருந்தது, குதிகால்தான் தகடாகத் தேய்ந்திருந்தது. நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் நிற்கிறவன் செருப்பு. என் வலது காலைத் தூக்கச் சொன்னீர்கள். தூக்கினேன். நீங்கள் கெட்டிக்காரர் என்று அப்போதே நினைத்தேன்.

ஆமாம். மூன்றாவதாக நின்ற அவன் செருப்பை நான் காலில் மாட்டிக்கொண்டேன். என் செருப்பைக் கழற்றிக் கடைசியில் வைத்தேன். இருபத்தேழாவது. அதே நீலம், அதே அளவு. பத்து நிமிடம் கழித்து அருள்மேரி வந்து வரிசையைப் பார்த்துவிட்டு, "முன்னால நின்ன மாதிரி இருந்துச்சே தம்பி, இப்பக் கடைசியில கெடக்கே" என்றாள். "அது வேற செருப்பு மதினி, இன்னைக்குக் கூட்டம் சாஸ்தி" என்றேன். நம்பினாள். அதற்கப்புறம் நாலு தடவை வந்து என் முகத்தைப் பார்த்தாள். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று காத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நெஞ்சுவலி எது, வாயு எது என்று எனக்குத் தெரியும் என்பதை மேலேயே எழுதிவிட்டேன், திரும்ப எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று கோவிலுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். என் முறை வருவதற்குள் பூசைக்கு மணி அடித்துவிட்டது, திரும்பிவிட்டேன். இல்லாவிட்டால் உங்களுக்கு முன்பே அவரிடம் சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். காரணம் என்கிற இடத்தில் 'பொறாமை' என்று போடப் போவதாக உங்கள் ரைட்டர் சொன்னார். மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த ஒரு சொல்லை அடித்துவிடுங்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அய்யாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது, அதில் இப்போது அவன் படுத்திருக்கிறான். நான் பொறாமைக்காரன் என்றால், அங்கேயும் அவனையே எனக்கு முன்னால் போக விட்டிருப்பேனா.